ஆர்க்காட்டுக் கைவினைஞரும் ஜப்பானியக் காமிராவும்

தஞ்சைப் பெரிய கோவிலின் விமானத்தை அண்ணாந்து பார்க்காத புதுக்கோட்டைக்காரர் அரிது. அந்த விமானத்தில் 1808ஆம் ஆண்டு ஒரு விபத்து நேர்ந்தது. நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்து வந்த வில்லியம் லாம்டன், தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியைக் கயிறு கட்டி விமானத்தின் மேல் ஏற்றினார். அதன் எடை அரை டன். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதியது, கோணங்களைக் காட்டும் பெரிய வட்டம் நெளிந்துவிட்டது. இங்கிலாந்தில் செய்த கருவி அது. இன்னொன்று வேண்டுமானால் கப்பலில்தான் வரவேண்டும். லாம்டன் தாமே ஆறு வாரம் உட்கார்ந்து, திருகுகளையும் கப்பிகளையும் கொண்டு அந்த வட்டத்தைச் சீராக்கினார்.

நுண்கருவிகளை விலைக்கு வாங்கினால் போதுமா, செய்யவும் தெரிய வேண்டாமா? இக்கேள்விக்கு இந்தியாவும் ஜப்பானும் வெவ்வேறு விதமாக விடை கண்டன. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

ஆர்க்காட்டிலிருந்து கல்கத்தாவுக்கு

ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாகப் பொறுப்பேற்ற 1830ஆம் ஆண்டிலேயே, நில அளவைக் கருவிகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் கல்கத்தாவில் கணிதக் கருவி அலுவலகம் தோன்றியது. அங்கே ஹென்றி பாரோ என்ற ஆங்கிலேயர் தலைமைக் கருவியாளராக இருந்தார். அப்பட்டறையில் வேலை செய்தவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசேன். ஆர்க்காட்டைச் சேர்ந்த இவர், சென்னையில் ஒரு நகைக்கடையில் இருந்தபோது கடிகாரம் முதலியவற்றைப் பழுது பார்க்கும் திறமையால் பெயர் பெற்றார். வாலண்டைன் பிளாக்கர் என்ற நில அளவை அதிகாரி இவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்.

பாரோ விலகிய பின் அந்தப் பதவிக்கு ஓர் இந்தியரை நியமிப்பதா என்ற தயக்கம் கம்பெனி ஆட்சியினருக்கு இருந்தது. எவரெஸ்ட் விடவில்லை, மொஹ்சின் ஹுசேனின் திறமையைப் புகழ்ந்து பரிந்துரைத்தார். 1843இல் அவர் அரசின் கணிதக் கருவியாளரானார். கைத்திறனுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் ஒரு குறை இருந்தது. உலோக வட்டங்களை இங்கேயே சீர்செய்யலாம். தொலைநோக்கியின் வில்லைக்கு வேண்டிய கண்ணாடியை இங்கே உருக்க முடியவில்லை.

கண்ணாடியில் என்ன இருக்கிறது?

சன்னல் கண்ணாடியைத் தேய்த்து வில்லை செய்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. செய்யலாம், ஆனால் பிம்பம் கெட்டுவிடும். வெள்ளொளியில் உள்ள நீல நிறம் சிவப்பைக் காட்டிலும் அதிகமாக விலகுவதால், ஒற்றை வில்லை எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்காது. ஆகவே பிம்பத்தின் ஓரங்களில் வண்ணம் கசியும். இதைப் போக்க, ஒளிவிலகல் எண் சுமார் 1.52 உள்ள கிரௌன் கண்ணாடியில் ஒரு குவிவில்லையும், சுமார் 1.62 உள்ள பிளிண்ட் கண்ணாடியில் ஒரு குழிவில்லையும் செய்து ஒட்டுவார்கள். ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடு செய்யும்.

இதற்குக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் நான்காவது தசமதானம் வரை மாறாதிருக்க வேண்டும். உருகிய குழம்பை இடைவிடாமல் கிளற வேண்டும். இல்லையேல் சர்க்கரைப் பாகு நீரில் கரையும்போது தெரிவது போன்ற இழைகள் உள்ளே தங்கிவிடும். பிறகு நாள்கணக்கில், பெரிய கட்டியானால் வாரக்கணக்கில், மெல்ல மெல்லக் குளிர்விக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு உலையில் உருக்கியதில் ஒரு சிறு பகுதியே வில்லைக்குத் தேறும். ஜெர்மனியின் ஜேனா நகரில் 1884இல் அபேயும் ஷாட்டும் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலை இக்கலையில் உலகுக்கே முன்னோடியாக விளங்கியது.

ஜப்பான் கற்ற பாடம்

முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியக் கண்ணாடியின் வரவு நின்றது. கடற்படைக்குத் தொலைநோக்கி வேண்டும், கண்ணாடி இல்லை. அந்த நெருக்கடியில்தான் 1917இல் சிறு நிறுவனங்கள் இணைந்து நிப்பன் கோகாகு உருவாயிற்று. 1921இல் எட்டு ஜெர்மானிய வல்லுநர்களை வரவழைத்து வில்லை வடிவமைக்கக் கற்றார்கள். கண்ணாடியையும் தாங்களே உருக்கக் கற்றார்கள். 1932இல் 'நிக்கோர்' என்ற பெயர் அவர்களது வில்லைகளுக்குச் சூட்டப்பட்டது.

அப்போது டோக்கியோவில் வேறொரு சிறு குழு, ஜெர்மானிய லைக்காவுக்கு இணையான காமிரா செய்ய முயன்று வந்தது. 1934இல் அவர்கள் உருவாக்கிய மாதிரிக்கு 'குவானன்' என்று பெயர். பௌத்தர்கள் வணங்கும் அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயர் அது. வில்லைக்குப் புத்தரின் சீடர் காசியபரின் பெயர்! 1936இல் 'ஹான்சா கேனன்' விற்பனைக்கு வந்தபோது, அதில் இருந்தது நிப்பன் கோகாகுவின் நிக்கோர் வில்லை. பின்னாளில் பெரும் போட்டியாளர்களாக விளங்கிய நிக்கானும் கேனனும் தொடக்கத்தில் இப்படிக் கைகோத்து நின்றன.

1945இல் போர் முடிந்ததும் படைத்துறைத் தேவை மறைந்தது. நிப்பன் கோகாகு பொதுமக்களின் பக்கம் திரும்பி, 1948இல் நிக்கான் காமிராவை வெளியிட்டது. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கோர் வில்லைகளைப் பயன்படுத்திய பின், உலகம் அவற்றைத் திரும்பிப் பார்த்தது.

ஜாதவ்பூரில் ஒரு முயற்சி

மொஹ்சின் ஹுசேனின் பட்டறை என்னவாயிற்று? அதுவே வளர்ந்து, 1957இல் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அரசு நிறுவனமாகக் கல்கத்தாவின் ஜாதவ்பூரில் அமைந்தது. அதே ஜாதவ்பூரில் 1950இல் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டிருந்தது. அதன் இயக்குநர் ஆத்மா ராமும் குழுவினரும், வெளிநாட்டு நுட்பத்தை எதிர்பாராமல் ஒளியியல் கண்ணாடியை உருக்கும் முறையைத் தாங்களே கண்டறிந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் உற்பத்தியும் தொடங்கியது. இது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

கண்ணாடி கிடைத்தது, பட்டறையும் இருந்தது. ஆனால் 'நேஷனல் 35' என்ற காமிரா வெளிவந்தது 1980களில்தான். அதற்குள் ஜப்பானில் தானே குவியத்தைச் சரிசெய்யும் கோனிகா காமிரா 1977இலேயே கடைக்கு வந்துவிட்டது. நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பின்னர் நலிந்து மூடப்பட்டது. அதன் வளாகம் இப்போது ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வசம் உள்ளது.

அறிவிலோ கைத்திறனிலோ நாம் குறைந்தவர்கள் அல்லர். ஜப்பானில் கண்ணாடி உருக்குபவர், வில்லை வடிவமைப்பவர், காமிராவை வாங்கிக் குறை சொல்பவர் ஆகிய மூவரும் ஒரே சங்கிலியில் பிணைந்திருந்தனர். வாங்குபவரின் குறை வடிவமைப்பவரை எட்டி, அடுத்த காமிராவில் திருத்தமாகத் திரும்பி வந்தது. நம் நிறுவனமோ பெரும்பாலும் அரசுத் துறைகளின் தேவையை நம்பியே இருந்தது. அந்தச் சங்கிலி இங்கே முழுமை பெறவில்லை என்பதே என் கருத்து.

அடுத்த முறை ஆய்வகத்தில் குவிவில்லையைக் கையில் எடுக்கும்போது, சன்னலின் பிம்பத்தைச் சுவரில் வீழ்த்திப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வண்ணக் கோடு தெரியும். அந்தக் கோட்டை அழிப்பதற்கு ஒரு நாடு எத்தனை உலைகளை மூட்ட வேண்டியிருந்தது என்பதையும், ஆர்க்காட்டிலிருந்து புறப்பட்ட அந்த நுண்கருவிக் கலைஞரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.