திருப்பூரில் இருந்துகொண்டே திருப்பூரைப் படிப்பது

2022 தீபாவளிக்கு முந்தைய வாரம். போனஸ் பட்டுவாடா, ஊருக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு முடிப்பது என்று கம்பெனியே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஒரு போன்.

"சார், வேலைய விடாமலேயே நீங்க டாக்டர் ஆகலாம். பாரின் யூனிவர்சிட்டி. டிபிஏ. பதினெட்டே மாசம். எல்லாமே ஆன்லைன்."

"தீசிஸ் எழுதணுமே?"

"அதெல்லாம் எங்க டீம் பாத்துக்கும் சார். நீங்க டாபிக் மட்டும் சொல்லுங்க."

நான் போனை வைக்கவில்லை. அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பி.என். ரோட்டில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். அப்பா காதர்பேட்டைப் பக்கம் பீஸ் ரேட்டுக்குத் தைத்த பவர் டேபிள் டெய்லர். எட்டாம் வகுப்போடு நின்றவர். என் விசிட்டிங் கார்டில் 'டாக்டர்' என்று அச்சடித்து அவர் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் இல்லை, நாலைந்து நாள்.

தீபாவளி முடிந்த அதே வாரம், ஊரே காலியாகிக் கிடந்தபோது, அக்டோபர் 28 அன்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து எட்டெக் கம்பெனிகள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி. படிப்புகளுக்கு அங்கீகாரம் கிடையாது என்றது அது. புதிய சட்டம் ஒன்றும் இல்லை. தொலைநிலையில் எம்.ஃபில்., பிஎச்.டி. நடத்தக் கூடாது என்று 2009 விதிமுறைகளிலேயே யுஜிசி சொல்லியிருந்தது. போனில் பேசிய பெண் விற்றது டிபிஏ. பெயரளவில் அது பிஎச்.டி. இல்லை. அந்தச் சந்துக்குள்தான் வியாபாரம் நடந்தது.

எனக்கு உறைத்தது வேறொன்று. அப்படியென்றால் உண்மையான தொலைநிலை முனைவர் பட்டம் என்று ஒன்று உண்டா? அது எங்கிருந்து வந்தது?

*

தொலைநிலைக் கல்வியை நாம் ஏதோ இரண்டாம் தரச் சமாச்சாரமாகப் பேசுகிறோம். அதன் வரலாறு அப்படி இல்லை. 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் ஒரு காரியம் செய்தது. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று கேட்க மாட்டோம். வந்து பரீட்சை எழுது, தேறினால் பட்டம். கல்லூரி வாசலை மிதிக்க வசதி இல்லாதவர்களுக்கு அப்படி ஒரு கதவு திறந்தது. பிறகு காலனி நாடுகளிலும் அந்தப் பரீட்சைகள் நடந்தன.

இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971 வாக்கில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல். திருப்பூர்க்காரர்களுக்கு இது வெறும் தகவல் இல்லை. இந்த ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ சேர்ந்துவிட்டு, அப்புறம் 'கரெஸ்ல' டிகிரி முடித்த ஒரு தலைமுறையே உண்டு. நானும் அதில் ஒருத்தன். தபாலில் வந்த பாடப் புத்தகங்களை ஷிப்மெண்ட் ராத்திரிகளில் அட்டைப்பெட்டி மேல் வைத்துப் படித்துத்தான் எம்பிஏ முடித்தேன்.

பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி 1969இல் உருவாகி, 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி கேட்கவில்லை. பிபிசியில் நேரங்கெட்ட நேரத்தில் பாடம் ஒளிபரப்பானது. நம் ஊர் இக்னோ 1985இல் வந்தது.

டிபிஏ என்பதும் போலிச் சரக்கு அல்ல. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் நெடுங்காலம் தன் ஆய்வு மாணவர்களில் பலருக்கு அந்தப் பட்டத்தைத்தான் கொடுத்துவந்தது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது வேறு வடிவம் எடுத்தது: வேலையில் இருப்பவர் தன் தொழிலிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்வது. எடின்பர்க்கின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் போன்றவை அதைத் தொலைநிலையிலும் நடத்தியிருக்கின்றன. வருஷக்கணக்கில் இழுக்கும். தீசிஸை நாமேதான் எழுத வேண்டும்.

*

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தலைப்பு கண்ணில் பட்டது. பமேலா காத்தோர்ன் என்பவரின் முனைவர் பட்ட ஆய்வு. 1990. பல்கலைக்கழகம்: ஓப்பன் யூனிவர்சிட்டி. தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மூலதனத் திரட்டலின் ஒரு வடிவமாக அமீபா முதலாளித்துவம்: தென்னிந்திய நகரம் ஒன்றின் பருத்திப் பின்னலாடைத் தொழில்.' அந்த நகரம் திருப்பூர்.

உலகத்துக்கே தொலைநிலைக் கல்வியின் அடையாளமாக இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்று முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறது, எங்கள் தெருக்களைப் பற்றி. நான் தபாலில் படித்த காலத்தில் இது தெரியாது. சொல்லவும் ஆள் இல்லை.

அமீபா என்ற சொல்லை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு கம்பெனி வளர்ந்தால் அது ஒரே கூரைக்குக் கீழே பெரிதாவதில்லை, பிரிகிறது. மச்சான் பேரில் ஒரு நிட்டிங், சம்சாரம் பேரில் ஒரு தையல் யூனிட், பங்காளியோடு கூட்டாக ஒரு சாயப்பட்டறை. வெளியிலிருந்து பார்த்தால் நூறு சின்னக் கம்பெனிகள். கணக்குப் பிள்ளைக்குத்தான் தெரியும், நூல் எல்லாம் ஒரே கோனிலிருந்து வருகிறது என்று. இப்படிச் சின்னச் சின்னதாக இருப்பதில் முதலாளிக்கு வசதி அதிகம். ஆர்டர் குறைந்தால் ஒன்றை மூடலாம். தொழிலாளர் சட்டத்தின் கண்ணில் படாமலும் இருக்கலாம்.

இத்தாலியின் சிறுதொழில் நகரங்களைப் போலத் திருப்பூரும் கூட்டுறவாலும் திறமையாலும் எழுந்த ஊர் என்று அப்போது பேசப்பட்டது. காத்தோர்ன் அதை அப்படியே ஏற்கவில்லை. 1995இல் வந்த கட்டுரையிலும் குறைந்த கூலியையும் துணை ஒப்பந்தத்தையும் கூடவே சுட்டிக்காட்டினார்.

அவரோடு முடியவில்லை. 1994இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் திருப்பூரை ஆராய்ந்து எழுதினார்கள். எம். விஜயபாஸ்கரின் முனைவர் பட்ட ஆய்வும் இந்த ஊர்தான். சரத் சாரியின் 'பிரேட்டர்னல் கேபிடல்' 2004இல் வந்தது. தோட்டத்திலிருந்து வந்து, தொழிலாளியாக நுழைந்து, முதலாளியான கவுண்டர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது திரும்பத் திரும்ப ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டதை சாரி கவனித்தார்: உழைப்பு. அதே ஆண்டு அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் ஒரு கணக்கைக் காட்டினார்கள். உள்ளூர்ச் சமூகத்து முதலாளிகளிடம் மூலதனம் அதிகம்; வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினாலும் வேகமாக வளர்ந்து முந்துகிறார்கள். அப்படியானால் பணம் திறமையைப் பார்த்து மட்டும் போகவில்லை, உறவைப் பார்த்தும் போகிறது. பானர்ஜிக்கு 2019இல் நோபல் கிடைத்தபோது எங்கள் ஆபீஸில் யாரும் இதைப் பேசவில்லை.

ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர். அந்தத் தொழிலைப் பற்றிய முக்கியமான அறிவு பெர்க்லியிலும் மில்டன் கீன்ஸிலும் சென்னையிலும் கிடக்கிறது. எங்கள் கையில் இருப்பது டீடெய்ல் ஷீட்டும் டெலிவரி தேதியும்.

*

சரி, நாமே எழுதிவிடலாம் என்று ஒரு ரோஷம் வந்தது. 18 மாசக்காரர்களை விட்டுவிட்டேன். முறையான ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை டிபிஏவுக்கு விண்ணப்பம் எடுத்தேன். கேள்வி தயார்: பீஸ் ரேட்டை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். ஆய்வு நெறிமுறைப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. நீங்கள் பேட்டி எடுப்பவர் எந்தப் பாதிப்பும் இல்லாமல் 'முடியாது' என்று சொல்ல முடியுமா?

முடியும் என்று டிக் அடித்துவிட்டு, சோதனைக்காக எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் ஓர் அக்காவிடம் போனேன். மங்கலம் ரோட்டில் எட்டு மெஷின் வைத்திருக்கிறார். டீ வந்தது. போனில் ரெக்கார்டரைப் போட்டேன்.

"அக்கா, போன வருஷம் ரேட்டு கட்டுபடியாச்சுங்களா?"

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆச்சுங்க தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு."

"நெசமாவே சொல்லுங்க அக்கா. இது படிப்புக்குத்தான்."

"நீங்க கேட்டா நான் வேற என்னங்க சொல்றது? நாளைக்கு ஆர்டர் நீங்கதான குடுக்கோணும்?"

அந்த ரேட்டை இருபது பைசா குறைத்து எழுதியது நான்தான். இருவருக்கும் அது தெரியும். ரெக்கார்டரை நிறுத்திவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "எங்ககிட்டயும் அந்தக் காலத்துல ஆராய்ச்சின்னு யாராச்சும் கேட்டாங்களாப்பா?" அவருக்கு ஞாபகம் இல்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பனாட்ட இருக்குது. வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா நமக்கென்ன போச்சு?"

காத்தோர்ன் கடல் தாண்டி வந்து இந்த ஊரில் கள ஆய்வு செய்தார். அவர் கடக்க வேண்டிய தூரம் மைல் கணக்கில் இருந்தது. என் ஆபீஸ் நாற்காலியிலிருந்து அக்காவின் எட்டு மெஷினுக்கு மூன்று கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்துக்கு ஆன்லைன் வகுப்பு எதுவும் கிடையாது. பிறந்த ஊரிலேயே எனக்குக் கதவு சாத்தியிருக்கிறது, சாத்தியதும் நான்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விண்ணப்பத்தைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். கேள்வியை மாற்றிவிட்டேன். ஜாப் ஒர்க் செய்கிறவர்களிடம் 'கட்டுபடியாச்சா' என்று கேட்கப் போவதில்லை. ரேட் எழுதும் மேஜையைத்தான் ஆராயப் போகிறேன்: பையர் விலையைக் குறைத்த மெயில் வந்த நேரத்திலிருந்து நான் அந்த இருபது பைசாவைக் குறைத்து எழுதிய நேரம் வரை என்ன நடந்தது என்று. அதற்கு எங்கள் முதலாளி அனுமதிக் கடிதம் தர வேண்டும். கேட்டிருக்கிறேன். இரண்டு மாசமாக, "பாக்கலாம்ப்பா" என்கிறார்.

போன சனிக்கிழமை, சம்பளம் போட்டு முடிந்த பிறகு, அக்காவின் யூனிட்டுக்குப் போனேன். ரெக்கார்டர் இல்லை. பழைய ரேட்டைத் திரும்பப் போட்ட பில்லைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆராய்ச்சி முடிஞ்சுதுங்களா தம்பி?" என்றார்.

இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றேன்.