ஜெயிலுக்குப் போன கவிஞர் 10 டாலர் நோட்டில் வந்தது எப்படி? யார் இந்த ஹென்றி லாசன்?

மனைவி, குழந்தைகளுக்கு ஜீவனாம்சம் கட்ட முடியாமல் ஜெயிலுக்குப் போனவர் அவர். ஆனால் அவர் இறந்து 44 வருடங்கள் கழித்து, அவருடைய முகத்தையே கரன்சி நோட்டில் அச்சடித்தது ஆஸ்திரேலியா. யார் இந்த ஹென்றி லாசன்? விரிவாகப் பார்க்கலாம்.

தங்க வயலில் பிறந்தவர்

1867 ஜூன் 17-ம் தேதி, நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் தங்கம் தோண்டும் ஊரான கிரென்ஃபெல்லில் பிறந்தார் லாசன். அப்பா நார்வேயில் இருந்து வந்த மாலுமி. அம்மா லூயிசா, பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர், 'தி டான்' என்ற பெண்கள் பத்திரிகையை நடத்தியவர்.

9 வயதில் லாசனுக்கு காதில் பிரச்னை வந்தது. 14 வயதுக்குள் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. பள்ளிப் படிப்பும் சில வருடங்கள்தான். பிறகு அப்பாவுடன் கட்டட வேலைக்குப் போனார். 1887-ல் அவருடைய முதல் கவிதை, சிட்னியின் 'தி புல்லட்டின்' வார இதழில் வெளியானது.

'புஷ்' என்றால் என்ன?

நகரங்களைத் தாண்டி இருக்கும் காடு, மேய்ச்சல் நிலம், வறண்ட பூமி எல்லாவற்றையும் ஆஸ்திரேலியர்கள் 'புஷ்' என்றுதான் சொல்வார்கள். அந்த வாழ்க்கையைப் பாடியவர்களே புஷ் கவிஞர்கள்.

பாட்டிலேயே ஒரு சண்டை

இன்னொரு பெரிய புஷ் கவிஞர் பாஞ்சோ பேட்டர்சன். சிட்னியில் வக்கீல். குதிரை, ஆறு, திறந்த வானம் என்று புஷ்ஷை அழகாகக் காட்டியவர். லாசனோ, 'அங்கே இருப்பது வெயிலும் வறட்சியும் தனிமையும்தான்' என்றார். 1892-ல் இருவரும் 'புல்லட்டின்' இதழில் மாறி மாறி கவிதையில் மோதிக்கொண்டார்கள். இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இப்படி எழுதினால் இருவருக்கும் வருமானம் வருமே என்று இந்த யோசனையைச் சொன்னதே லாசன்தான் என பேட்டர்சன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

200 கி.மீ. நடை

அதே வருடம் 'புல்லட்டின்' ஆசிரியர் ஆர்ச்சிபால்ட், லாசன் கையில் 5 பவுண்டும் ஒரு ரயில் டிக்கெட்டும் கொடுத்து, உள்நாட்டில் இருக்கும் பர்க் என்ற ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்து ஹங்கர்ஃபோர்டு வரை 200 கிலோமீட்டருக்கும் மேல் கொளுத்தும் வெயிலில் நடந்தார் லாசன். வேலை தேடி மூட்டையோடு அலையும் கூலித் தொழிலாளிகளின் நிலைமையை நேரில் பார்த்தார். அந்த அனுபவம் அவருடைய எழுத்தில் கடைசி வரை இருந்தது. 1896-ல் அவருடைய கவிதைத் தொகுப்பும் சிறுகதைத் தொகுப்பும் அடுத்தடுத்து வெளிவந்து பேசப்பட்டன.

ஜெயில் எதற்காக?

புகழ் வந்தது, பணம் நிற்கவில்லை. குடிப்பழக்கம் அதிகமானது. 1903-ல் மனைவி பெர்த்தா பிரிந்தார். குடிபோதைக்காகவும், ஜீவனாம்ச பாக்கிக்காகவும் சிட்னியின் டார்லிங்ஹர்ஸ்ட் சிறைக்கு லாசன் பலமுறை போய்வந்தார். தன்னுடைய கைதி எண்ணான 103-ஐயே தலைப்பாக வைத்து, சிறையின் கொடுமையை ஒரு கவிதையாக எழுதினார். அந்தச் சிறை வளாகத்தில் இன்று இயங்குவது ஓர் ஓவியக் கல்லூரி.

கடைசியில் அரசு மரியாதை

1922 செப்டம்பர் 2-ம் தேதி, 55 வயதில் லாசன் இறந்தார். கடைசி நாட்களிலும் கையில் காசு இல்லை. ஆனால் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடந்தது. பிரதமர் பில்லி ஹியூஸ் நேரில் வந்தார்.

1966-ல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது 10 டாலர் நோட்டில் லாசன் இடம்பிடித்தார். 1993-ல் பிளாஸ்டிக் நோட்டு வந்ததும் அந்த இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? அதே பாஞ்சோ பேட்டர்சன்! நோட்டின் மறுபக்கத்தில் லாசனின் தோழியான கவிஞர் மேரி கில்மோர். பாட்டில் தொடங்கிய போட்டி, நோட்டிலும் தொடர்ந்தது என்றே சொல்லலாம்.