“ஒண்டும் இல்லையாம்”: தயா சோமசுந்தரத்தை வன்னியில் இருந்து வாசித்தல்

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா கிளிநொச்சியில் இருக்கிறா. மாதம் ஒருக்கா கிளினிக் போவா. நெஞ்சுக்குள்ள அடைக்குது, கை கால் உளையுது, தலை கனக்குது. ஈசிஜி எடுத்தாச்சு, இரத்தம் பாத்தாச்சு, எல்லாம் சரி. வீட்ட வந்து “ஒண்டும் இல்லையாம்” எண்டுவா. அதைச் சொல்லேக்க முகத்தில சந்தோசம் இருக்காது. 2009இல் அவவின் கடைசி மகனை வீட்டில வந்து கூட்டிக்கொண்டு போனவை. பிறகு ஆள் இல்லை. அதைப் பற்றி கிளினிக்கில ஒருத்தரும் கேட்டதில்லை, அவவும் சொன்னதில்லை.

இந்த “ஒண்டும் இல்லை”க்குள் என்ன இருக்கிறது என்று வடக்கில் அக்கறையாகத் தேடியவர்களில் முக்கியமானவர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர். யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் போருக்குள்ளேயே நோயாளரைப் பார்த்தவர். 1994இல் அவரும் சா. சிவயோகனும் பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 101 பொதுமக்களை எழுமாறாகத் தெரிந்து ஆராய்ந்தபோது 64 வீதமானோரிடம் போரின் உளத்தாக்கம் இருந்தது. எங்களை நிறுத்தியது இதன் உள்விபரம். மேற்கில் பெரிதாகப் பேசப்படும் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 27 வீதம். உளத்துயர் உடல் நோவாக வெளிப்படுவது 41 வீதம். அம்மம்மா அந்த 41க்குள்ள வருவா.

இதை எங்கட சனம் உணர்ச்சியைச் சொல்லத் தெரியாததுகள், அதால உடம்பைச் சொல்லுதுகள் என்று விளங்கிக்கொள்வது லேசு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. தொல்காப்பியத்தில் உணர்வுகளைப் பற்றிய இயலுக்குப் பெயரே மெய்ப்பாட்டியல்தான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் மெய்யில் தோன்றுபவை. உள்ளம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று பிரிக்காத மொழியில் “நெஞ்சு அடைக்குது” என்பது சுற்றி வளைத்த பேச்சு அல்ல, நேரான பேச்சு. (பரீட்சைக்குப் பாடமாக்கின எட்டும் வேற ஒரு வேலைக்கு உதவுமெண்டு நாங்கள் நினைக்கேல்ல.)

அவர் வைத்தியசாலைச் சுவருக்குள் மட்டும் இருந்தவரும் அல்லர். 1990இல் வந்த ‘முறிந்த பனை’யின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். மற்ற மூவர் ராஜன் கூல், க. சிறீதரன், ராஜினி திராணகம. புத்தகம் வெளிவரும் முன்பே, 1989 செப்ரெம்பர் 21 அன்று, ராஜினி பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அதே திருநெல்வேலி றோட்டால்தான் நாங்களும் விரிவுரைக்குப் போய் வாறம். எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்ட புத்தகம் அது. 2002இல் சிறுவர் போராளிகள் பற்றி எழுதியபோதும் அவர் அந்த வழியை விடவில்லை. பிள்ளைகளை இயக்கத்தை நோக்கித் தள்ளிய படை வன்முறையையும் இடப்பெயர்வையும் வறுமையையும் சொன்னார், பிள்ளைகளைச் சேர்த்தவர்களையும் விடவில்லை.

1998இல் ஆங்கிலத்தில் வந்த அவரது ‘வடுப்பட்ட மனங்கள்’ என்ற நூலுக்கும் 2014இல் வந்த ‘வடுப்பட்ட சமூகங்கள்’ என்ற நூலுக்கும் இடையில் தலைப்பிலேயே ஒரு நகர்வு தெரியும். மனம் சமூகமாகிறது. கம்போடியாவில் போருக்குப் பிந்திய மீள்கட்டுமானத்தில் வேலை செய்தபோதுதான் கூட்டு மனவடு தன் கண்ணில் முதலில் பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அங்கே குடும்பம், பன்சலை, ஊர் என்ற தாங்குதூண்களையே கெமர் ரூஜ் ஆட்சி உடைத்திருந்தது.

இந்தக் கருத்துக்கு முன்னோடி அமெரிக்க சமூகவியலாளர் கை எரிக்சன். 1972இல் மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ கிறீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் செத்தார்கள். மிஞ்சினவர்களை அயல் பாராமல் தற்காலிக வீடுகளில் கலந்து குடியேற்றினார்கள். வெள்ளம் ஒரு இழப்பு, அயலை இழந்தது இன்னொரு இழப்பு என்றார் எரிக்சன். இதை வாசிக்கேக்க எங்களுக்கு செட்டிகுளம்தான் ஞாபகம் வந்தது. எந்த பஸ்ஸில ஏறினமோ அந்த வலயம். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். கலைப்பீடத்தில் குமாரசுவாமியைக் கலை வரலாற்று அறிஞராகப் படிப்பிக்கேக்க எங்களில் ஒருவனுக்குத் தறப்பாள் மணந்தது.

வன்னி பற்றிய அவரது ஆய்வு 2010இல் வந்தது. நேர்காணல்களோடு சனம் எழுதிய கடிதங்கள், கவிதைகள், கீறிய படங்களையும் அவர் தரவாக எடுத்தார். அவநம்பிக்கை, மௌனம், தங்கியிருத்தல், செயலற்ற தன்மை, விழுமியச் சரிவு என்று கூட்டு மனவடுவின் அடையாளங்களை அவர் எழுத்துகள் அடுக்குகின்றன. மௌனம் என்ற இடத்தில் நாங்கள் தலையாட்டினோம். அம்மம்மா தன்ர மகனைக் கூட்டிக்கொண்டு போனவையையும், பிறகு பதில் சொல்லாதவையையும் ஒரே மூச்சில எப்பிடிச் சொல்லுறது? ஆருக்கு முன்னால சொல்லுறது?

ஆனால் “செயலற்ற தன்மை”, “விழுமியச் சரிவு” எங்களுக்கு இடறுது. பிந்தினது இந்தக் காலத்துப் பெடியள் கெட்டுப்போச்சுதுகள் என்ற பெரியாக்களின் புறுபுறுப்புக்கு விஞ்ஞானச் சட்டை போட்டமாதிரியும் கேட்குது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் வந்து இருந்தார்கள். அதே மாதம் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் இரவு பகலாக இருந்து, மார்ச் முதலாம் திகதி காணியைத் திருப்பி எடுத்தது. அவர் பார்த்தது முகாமில் இருந்து அப்போதுதான் வெளிவந்த வன்னி, நாங்கள் பார்ப்பது அதற்குப் பிந்தியது என்பது நியாயமான பதில். எண்டாலும் அவரது பட்டியலை இன்றும் அப்படியே ஒப்புவிக்கும் பயிற்சிப்பட்டறைகளில் பிலக்குடியிருப்பையும் ஒருக்காச் சொல்லலாம்.

சடங்குகள் ஆற்றுப்படுத்தும், ஒப்பாரி ஒரு மருந்து என்று அவர் திரும்பத் திரும்ப எழுதியவர். சரிதான். உடல் இல்லாத வீட்டில் எதை வைத்து ஒப்பாரி சொல்வது? வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்த பவுலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். எட்டுச்செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. செய்தால் தாயே பிள்ளையைக் கொன்றது போல.

போன வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மம்மாவோட நாங்கள் நாலு பேர் போனோம். அருச்சனைத் தட்டைக் குடுக்கேக்க ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அவ மாமாவின்ர பெயரைச் சொன்னா. அந்தப் பெயரை அவ வாயால நாங்கள் கேட்டது அதுதான் முதல்தரம். நட்சத்திரம் கேக்க, கொஞ்சம் யோசிச்சுப் போட்டு, மறந்துபோச்சு ஐயா எண்டா.