வில்சன் சாலையின் வியட்நாம் சாப்பாட்டுக் கடைகள்

வாஷிங்டனிலிருந்து பொட்டோமாக் ஆற்றைத் தாண்டினால் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன். அங்கே கிளாரெண்டன் என்ற பகுதியில் ஓடுகிறது வில்சன் சாலை. 1970களின் பின்பாதியில் அந்தப் பகுதிக்கு 'லிட்டில் சைகோன்' என்றே பெயர் விழுந்திருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நுழைந்து வயிறார ஒரு கிண்ணம் ஃபோ என்ற வியட்நாம் நூடுல்ஸ் சூப் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்; பர்ஸும் கனம் குறையாது. அந்தச் சாப்பாட்டு வாழ்க்கை இப்போது அங்கே இல்லை. அதற்கான அஞ்சலி இது.

1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வட வியட்நாம் படைகளிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,30,000 அகதிகள் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். தென் வியட்நாம் அரசிலும் ராணுவத்திலும் இருந்தவர்கள், அமெரிக்கர்களோடு வேலை பார்த்தவர்கள் எனப் பலர், தெரிந்த மனிதர்கள் இருக்கும் வாஷிங்டனை ஒட்டிக் குடியேறினார்கள்.

கிளாரெண்டன் அப்போது நொடித்துப்போயிருந்தது. முன்பு ஆர்லிங்டனின் பெரிய கடைவீதியாக இருந்த இடம் அது. புறநகர் மால்கள் வந்ததும் வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். போதாததற்கு மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் கடைக்கு வந்தவரை லாபம் என்று, கட்டட உரிமையாளர்கள் குறைந்த வாடகைக்கும் குறுகிய கால ஒப்பந்தத்துக்கும் விட்டார்கள். கையில் அதிகம் காசில்லாமல் வந்து இறங்கியவர்களுக்கு அந்தப் புழுதித் தெருதான் இடம் கொடுத்தது. மளிகைக் கடைகள் வந்தன, கூடவே சாப்பாட்டுக் கடைகளும் வந்தன.

அந்தச் சாப்பாட்டின் அருமை உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சுட்டுக் கருக்கிய இஞ்சி, வெங்காயத்தோடு அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு போட்டு மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட தெளிந்த சாறு. கிண்ணத்தில் அரிசி நூடுல்ஸ். அதன்மேல் மெல்லிசாகச் சீவிய பச்சை இறைச்சி. சாற்றை ஊற்றிய சூட்டிலேயே அது சிவப்பு மாறி வெந்துவிடும். பக்கத்துத் தட்டில் முளைகட்டிய பயறு, திருநீற்றுப்பச்சிலையின் தாய்லாந்து வகை, விளிம்பெல்லாம் பல்லாக இருக்கும் நீள இலைக் கொத்தமல்லி, எலுமிச்சைத் துண்டு, பச்சை மிளகாய். சமையல்காரர் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார். மீதி, சாப்பிடுகிறவரின் கைப்பக்குவம். எதைக் கிள்ளிப் போடுவது, எவ்வளவு பிழிவது என்று பக்கத்து மேசையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். மீன் சாற்றின் வாசனையே அறியாத ஆர்லிங்டன்வாசிகள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். நாட்டை இழந்து வந்தவர்களும் அந்த நாட்டில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்கர்களும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்கள். எந்த அரசு விழாவும் செய்யாத காரியம் அது.

1979 டிசம்பரில் கிளாரெண்டன் மெட்ரோ நிலையம் திறந்தது. நிலத்தின் மதிப்பு ஏறியது, வாடகையும் ஏறியது. குறுகிய கால ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை. 1984 முதல் பல வியாபாரிகள் பக்கத்து ஊரான ஃபால்ஸ் சர்ச்சில் உள்ள ஈடன் சென்டர் என்ற வணிக வளாகத்துக்கு இடம் மாறினார்கள். வாசலில் வரிசை நிற்கவைத்த குயின் பீ, கஃபே டாலாட் ஆகிய சாப்பாட்டுக் கடைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. கடைசியில் அவையும் மூடின.

ஈடன் சென்டர் இன்றும் செழிப்பாக இருக்கிறது. மூன்று சிவப்புக் கோடுகள் போட்ட தென் வியட்நாமின் பழைய மஞ்சள் கொடி அங்கே அமெரிக்கக் கொடியோடு பறக்கிறது. நல்ல சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே போக வேண்டுமென்று கிளம்பிக் காரில் போக வேண்டும். கிளாரெண்டனில் இருந்ததோ அக்கம்பக்கத்துக் கடை. திட்டமில்லாமல் நுழைகிறவர், தனியாக வந்து உட்காருகிறவர், பசிக்காக மட்டும் வந்து ருசிக்காகத் திரும்பி வருகிறவர் என்று எல்லோருக்கும் அது கதவைத் திறந்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட கடையை வாழவைப்பது மலிவான வாடகை. அது போனால் எப்பேர்ப்பட்ட கைமணமும் காப்பாற்றாது.

என் வருத்தம் ரயில் வந்ததில் இல்லை. மக்கள் பணத்தில் வந்த ரயில் ஊருக்கு நல்லதுதான். தெரு குண்டும் குழியுமாகக் கிடந்த ஆண்டுகளில் விளக்கேற்றி, அடுப்பு மூட்டி, ஆட்களை வரவழைத்து அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்தக் கடைக்காரர்கள். விடிவு வந்தபோது பலன் நிலத்துக்காரர்களுக்குப் போனது. கஷ்ட காலத்தில் கூட இருந்தவர்களுக்குக் கிடைத்தது காலி செய்யச் சொல்லும் கடிதம். தோண்டத் தொடங்கும்போதே, இருக்கும் சிறு கடைகளுக்கு நீண்ட கால ஒப்பந்தம் உறுதி செய்திருந்தால் அந்தத் தெரு வேறு மாதிரி இருந்திருக்கும். இன்று ரயிலுக்காகத் தோண்டப்படும் ஒவ்வோர் ஊரிலும் இப்படிக் கடைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அந்த உறுதியைக் கொடுப்பதுதான் வில்சன் சாலைக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.