எண்ணெயா, காற்றா? தாழ்ந்து போகும் வண்டிகளின் கதை

ஈ.சி.ஆரில் மரக்காணம் பக்கம் போயிருக்கிறீர்களா? பாத்தி பாத்தியாக உப்பளம், கரைமேல் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். சனி, ஞாயிறு வந்தால் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு விதவிதமான கார்கள் அந்த வழியாகப் பறக்கும். எங்கள் பெரியப்பா மகன் அங்கேதான் உப்பு வியாபாரம் பார்க்கிறார். அந்தக் கார்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஓர் ஆசை வந்துவிட்டது. தன்னுடைய பழைய காரைத் தரையோடு தரையாக இறக்க வேண்டுமாம். பட்டனைத் தட்டினால் ஏற வேண்டும், மறுபடி தட்டினால் இறங்க வேண்டும்.

"ஹைட்ராலிக் போடலாமா, ஏர் சஸ்பென்ஷன் போடலாமா? நீதான் படிச்சவன், தேடிச் சொல்லுடா" என்றார்.

நான் படிப்பது பி.காம். ஆனாலும் அண்ணன் கேட்டால் முடியாது என்று சொல்ல முடியுமா? விலை தேடப் போனவனுக்கு ஒரு வரலாறே கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரைத் தாழ்த்தி ஓட்டும் பழக்கத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய கார்களை மலிவாக வாங்கி, பளபளவென்று பெயிண்ட் அடித்து, மெதுவாக ஊர்வலம் போல ஓட்டினார்கள். வேகமாகப் போவது பணக்காரப் பையன்களின் பெருமை என்றால், மெதுவாகப் போவது இவர்களின் பெருமை. ஆரம்பத்தில் தாழ்த்துவதற்கு அவர்கள் செய்தது ரொம்ப எளிமை. ஸ்பிரிங்கை வெட்டினார்கள், அல்லது டிக்கியில் மணல் மூட்டையை ஏற்றினார்கள். (மரக்காணத்தில் என்றால் உப்பு மூட்டை!)

இதைப் பார்த்துக்கொண்டு அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1958 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. மாற்றம் செய்த காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பை விடத் தாழ்வாக இருக்கக் கூடாது. மீறினால் போலீஸ் பிடிக்கும்.

இங்கேதான் எண்ணெய் உள்ளே வருகிறது. ரான் அகிரி என்ற இளைஞர் தன் கார்வெட் காருக்காக அடிக்கடி போலீஸிடம் மாட்டியவர். அவரும் அவர் அப்பாவும் சேர்ந்து, விமானங்களில் இருந்து கழித்துப் போட்ட ஹைட்ராலிக் பம்ப், சிலிண்டர், வால்வுகளைக் காரில் பொருத்தினார்கள். போருக்குப் பிறகு அந்தச் சாமான்கள் மலிவாகக் கிடைத்தன. 'எக்ஸ்-சோனிக்' என்று பெயரிடப்பட்ட அந்தக் கார் 1950களின் கடைசியில் தயாரானது. நிறுத்தி வைக்கும்போது தரையில் படுக்கும். போலீஸைக் கண்டால் சட்டென்று எழுந்து நல்ல பிள்ளையாக நிற்கும். அதாவது, ஹைட்ராலிக் லோரைடர் பிறந்ததே சட்டத்துக்குப் போக்குக் காட்டத்தான். அதற்கு வேகமாக ஏறுவது ஒன்றுதான் முக்கியம், சொகுசு இல்லை.

எண்ணெய் அதற்குப் பொருத்தமானது. எண்ணெய் அமுங்காது. பம்ப் தள்ளியவுடன் சிலிண்டர் நகர்ந்துவிடும். பின்னாளில் கார்களை அந்தரத்தில் குதிக்க வைத்ததும் இந்தக் குணம்தான். ஆனால் அதே குணம்தான் அதன் குறையும். அமுங்காத பொருள் பள்ளத்தை விழுங்காது, உங்கள் முதுகுக்குத்தான் அனுப்பும். அது போக மோட்டாரை ஓட்ட டிக்கி நிறைய பேட்டரிகள், அவற்றின் எடை, அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தால் கார் முழுக்க எண்ணெய்.

காற்றின் கதை வேறு. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியபோதே, காற்று நல்ல மெத்தை என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காற்றுப் பையை ஸ்பிரிங்காக வைத்துப் பெருமளவில் ஓட்டியது கார்கள் அல்ல, பேருந்துகள். 1953 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பேருந்துகளில் அதைக் கொண்டுவந்தது. இதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. ஏர் பிரேக் உள்ள பெரிய வண்டியில் கம்ப்ரசரும் காற்றுத் தொட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன. கூடுதல் செலவு குறைவு. கூட்டம் ஏறினாலும் இறங்கினாலும் பையில் காற்றைக் கூட்டிக் குறைத்து ஒரே உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

காருக்கு அந்த வசதி இல்லை. 1957-இல் கேடிலாக் தன் விலை உயர்ந்த எல்டொராடோ புரோகாமில் ஏர் சஸ்பென்ஷன் வைத்தது. காற்று கசிந்து கசிந்து, பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங்குக்கே திரும்பினார்கள்.

இரண்டையும் சேர்த்தவர்களும் உண்டு. 1955-இல் பாரீஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் டி.எஸ். காரில் நைட்ரஜன் வாயு ஸ்பிரிங்காக வேலை செய்தது, எண்ணெய் உயரத்தைப் பார்த்துக்கொண்டது. ஓட்டுநர் ஒரு நெம்புகோலால் காரின் உயரத்தை மாற்றலாம். ஆனால் அதில் முதலில் பயன்படுத்திய எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சியது. உள்ளே துரு. 1960களின் பிற்பாதியில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதைப் படித்ததும் எனக்கு மரக்காணம் ஞாபகம் வந்தது. பாரீஸ் ஈரத்துக்கே அந்தப் பாடு என்றால், கதவுக் கீலையே தின்றுவிடும் நம் உப்புக் காற்றில் என்ன ஆகும்? ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர் இழுப்பது அந்தக் காற்றைத்தான். அமுக்கும்போது ஈரம் தண்ணீராகித் தொட்டியின் அடியில் தங்கும். வடித்துவிடாவிட்டால் வால்வு போகும். ஹைட்ராலிக்கிலோ, சிலிண்டரின் பளபளப்பான தண்டில் துருப்புள்ளி விழுந்தால் அது சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசியும். ஓட்டுவதற்குச் சுகம் எது என்றால் காற்று. குதித்து வேடிக்கை காட்ட எது என்றால் எண்ணெய். பராமரிப்புச் செலவு இரண்டிலும் உண்டு, முடிவே இல்லாத செலவு.

அதைவிடப் பெரிய கணக்கு சட்டத்தில் இருக்கிறது. நம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக எதுவும் செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. அங்கே ரிம் உயரத்துக்கு மேல் தூக்கிக் காட்டினால் தப்பலாம். இங்கே தூக்கினாலும் குற்றம், இறக்கினாலும் குற்றம். வேடிக்கை என்னவென்றால், கலிபோர்னியாவே அந்தப் பழைய தடையை 2024 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது. அறுபத்தாறு வருஷம் கழித்து!

இத்தனையும் அண்ணனிடம் சொன்னேன். மனுஷன் முகம் வாடிவிட்டது. "அப்போ நம்ம ஊர்ல எந்த வண்டிதான்டா இறங்கலாம்?" என்று கேட்டார்.

பதில் இருந்தது. பேருந்து இறங்கலாம்.

சென்னை மாநகரப் பேருந்துகளில் சக்கர நாற்காலியோடு ஏற முடியவில்லை என்று மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடியவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். எல்லாச் சாலைகளும் தாழ்தளப் பேருந்துக்குத் தோதாக இல்லை என்று போக்குவரத்துக் கழகம் சொன்னது. வழக்கு நீண்டது. கடைசியில் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் மின்சாரப் பேருந்துகளும் வந்தன. நிறுத்தத்தில் நின்றதும் கதவுப் பக்கத்துப் பைகளில் இருந்து காற்று இறங்கி, வண்டி ஒரு பக்கமாக மண்டி போடுகிறது. சாய்தளத்தை விரித்தால் சக்கர நாற்காலி உள்ளே போகிறது. பிறகு காற்று நிரம்பி வண்டி நிமிர்ந்து கிளம்புகிறது. எண்ணெயா காற்றா என்ற கேள்விக்கு அங்கே காற்றுதான் பதில்.

எங்கள் பெரியம்மாவுக்கு மூட்டு வலி. மரக்காணத்தில் பாண்டி பஸ் வந்து நின்றால், அந்த முதல் படியில் காலை வைக்க யாராவது கை கொடுக்க வேண்டும். உப்பளத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் பெண்களும் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார்கள். நான் அந்த வழியில் ஏறிய எந்தப் பேருந்தும் இதுவரை யாருக்காகவும் மண்டி போட்டதில்லை.

போலீஸுக்குப் பயந்து ஒரு கார் எழுந்து நின்றது ஒரு வரலாறு. ஏற முடியாதவருக்காக ஒரு பேருந்து குனிந்தது இன்னொரு வரலாறு. முதலாவதை வேடிக்கை பார்க்கலாம். இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும், சென்னையோடு நிற்காமல் மரக்காணம் வரைக்கும்.

அண்ணன் இப்போது காருக்குப் பெயிண்ட் மட்டும் அடிக்கலாம் என்றிருக்கிறார். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை :-)