வழமை என்பது யாருடைய வழமை?

ஜெருசலேத்தின் மேற்குச் சுவரை 19ம் நூற்றாண்டின் இறுதியில் காட்டும் புகைப்படங்களில், ஒடுங்கிய ஒரு சந்தில் ஆண்களும் பெண்களும் அருகருகே நின்று பிரார்த்திப்பதைக் காண்கிறோம். நடுவே தடுப்பு இல்லை. ஆனால் இதுவே மரபு என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. அங்கு கதிரையோ திரையோ வைப்பதற்கு ஒட்டோமன் ஆட்சியாளர் இடம் கொடுக்கவில்லை. 1928இல் யோம் கிப்பூர் நாளில் வைக்கப்பட்ட திரையைப் பிரித்தானியப் பொலிசார் பலவந்தமாக அகற்றினர். 1948 முதல் 1967 வரை, ஜோர்தானின் ஆட்சியில், யூதர்கள் அங்கு போகவே முடியவில்லை. 1967 ஜூனில் அவ்விடத்தைக் கைப்பற்றிய இஸ்ரேல், சுவரின் முன்னிருந்த மக்ரபி குடியிருப்பை இடித்து, அங்கு வாழ்ந்த மக்களை வெளியேற்றி, பெரிய முற்றத்தை அமைத்தது. நிரந்தரத் தடுப்பு அதன் பின்னரே வந்தது. பெண்களுக்குச் சிறிய பகுதியே கிடைத்தது.

1988 டிசம்பர் 1ம் திகதி, சுமார் எழுபது பெண்கள் தோராச் சுருளுடன் அப்பகுதிக்குச் சென்று கூட்டாக வாசித்துப் பிரார்த்தித்தனர். சூழ நின்றோர் ஏசினர். அன்று உருவான ‘சுவரின் பெண்கள்’ என்ற அமைப்பில் வைதிகப் பெண்களும் இருந்தனர். அவர்களை மதித்து, பத்து ஆண்கள் கூடினால் மட்டுமே சொல்லத்தக்க பிரார்த்தனைகளை எல்லோரும் தவிர்த்தனர். ஆயினும் 1989 இறுதியில், ‘அவ்விடத்து வழமைக்கு’ மாறான சடங்குகளைத் தடைசெய்யும் விதி வந்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. 2003இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அருகிலுள்ள ரொபின்சன் வளைவை அவர்களுக்காக ஒழுங்கு செய்யும்படி அரசிடம் கூறியது. பிரார்த்தனைச் சால்வை அணிந்ததற்காகப் பெண்கள் கைதான பின்னர், 2013 ஏப்ரலில் ஜெருசலேம் மாவட்ட நீதிமன்றம், அவர்களது வழிபாடு அவ்விடத்து வழமையை மீறவில்லை என்றது.

அடுத்த மாதமே ரபிகளின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான வைதிக இளம்பெண்கள் பெண்கள் பகுதியை நிறைத்தனர். ‘சுவருக்கான பெண்கள்’ என்று வைதிகப் பெண்கள் தாமே ஓர் அமைப்பையும் தொடங்கினர். தாயும் பாட்டியும் மெல்லிய குரலில் வேண்டிய இடத்தில் அந்த அமைதி காக்கப்பட வேண்டும் என்பதும், ஆண்களின் சடங்கைப் பின்பற்றித்தான் பெண் உயர வேண்டுமா என்பதும் இத்தரப்பின் வாதங்கள். மறுபுறம், 2013 ஒக்டோபரில் ‘சுவரின் பெண்கள்’ நிபந்தனைகளுடன் மாற்றிடத்துக்கு இணங்கியபோது, ஆரம்பகாலத்தவர் சிலர் பிரிந்தனர். பெண்கள் பகுதியிலேயே பிரார்த்திப்பது தமது உரிமை என்றனர். 2016 ஜனவரியில் அமைச்சரவை ஏற்ற இணக்கத் திட்டத்தை 2017 ஜூனில் அதே அரசு இடைநிறுத்தியது.

ரபிகளின் சொற்கேட்டு வந்தவர்கள் என்று வைதிகப் பெண்களை ஒதுக்குவது பெண்ணிலைவாதமாகாது என்றே நாம் கருதுகிறோம். அவர்களது பக்தி அவர்களுடையதே. ஆனால் தான் மௌனமாக வேண்டுவதும், அருகில் நிற்பவளை மௌனமாக்கச் சட்டத்தை நாடுவதும் ஒன்றல்ல. ஒரு நூற்றாண்டுக்குள் அச்சுவரின் ‘வழமை’ பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை மாற்றியவர்கள் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள். பிரார்த்திக்க வந்த பெண்களிடம், எத்தரப்பினராயினும், எவரும் முதலில் கேட்கவில்லை.