மஞ்சளின் மணம்: நூற்பதிவும் உழவரறிவும்

பயிர் வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெயரும் அடைமொழியும் சான்றுகளாகும். மஞ்சள் என்னும் தமிழ்ச்சொல் கிழங்கையும் நிறத்தையும் ஒருங்கே குறிக்கும். ஹரித்ரா என்னும் வடமொழிப் பெயரும் நிறத்தின் அடியாகப் பிறந்ததே. 1753இல் லின்னேயஸ் இட்ட குர்குமா லோங்கா என்னும் பெயரின் முற்பகுதி, குர்கும் என்னும் அரபுச்சொல்லின் வழிவந்தது. அச்சொல் குங்குமப்பூவைக் குறித்தது. இவ்வாறு பெயர்கள் நிறத்தைச் சுட்ட, சோழநாட்டின் தோட்டப் பயிர்களை அடுக்கிக் கூறும் பட்டினப்பாலை மஞ்சளுக்கு மணத்தையே அடையாக்குதல் நோக்கத்தக்கது.

அம்மணத்திற்குக் காரணம் கிழங்கிலுள்ள ஆவியாகும் எண்ணெய். உலர்ந்த கிழங்கில் இது ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு வரை உள்ளது. டர்மெரோன் வகைச் சேர்மங்கள் இதில் மிகுதி. நீராவி வடிப்பால் இவ்வெண்ணெய் பிரித்தெடுக்கப்படுகிறது. எனினும் அறிவியலாய்வு நிறத்திலேயே தொடங்கியது. 1815இல் வோகல், பெல்லெத்தியே ஆகியோர் குர்குமின் என்னும் நிறப்பொருளைப் பிரித்தனர். பிற்கால வணிகத்திலும் குர்குமின் அளவே தரத்தின் முதன்மை அளவுகோலாயிற்று.

மஞ்சள் விதைவழிப் பெருகுவதில்லை. ஓர் அறுவடையில் காத்துவைத்த விதைக்கிழங்கே அடுத்த பயிராகும். ஆகவே ஒவ்வோர் ஊரின் மஞ்சளும் தலைமுறைதோறும் உழவர் செய்த தேர்வின் தொடர்ச்சியாகும். வைகாசி, ஆனி மாதங்களில் ஊன்றப்பெறும் பயிர் எட்டொன்பது திங்களில் இலை காய்ந்து முதிரும். வெட்டிய கிழங்கை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, மெருகேற்றுவர். வேகும்போது மாவுப்பொருள் குழைந்து நிறம் கிழங்கெங்கும் பரவும். வேக்காடு மிகின் நிறம் கெடும். நுரை பொங்கி, வெண்ணிற ஆவியுடன் தனிமணம் எழுவதே கிழங்கு வெந்ததன் அறிகுறி. நிறத்தைக் காக்கும் இத்தொழிலுக்கு மணமே வழிகாட்டி என்பது கருதத்தக்கது.

1995இல் மஞ்சளின் புண்ணாற்றும் பயனுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996இல் அதனை எதிர்த்தது. பழைய மருத்துவ நூற்பகுதிகளும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையும் சான்றுகளாக முன்வைக்கப்பட்டன. 1997இல் அக்காப்புரிமை செல்லாதென முடிவாயிற்று. இதன் பின்னர் 2001இல் தொடங்கிய மரபறிவு எண்ணிம நூலகத்தில் தமிழிலுள்ள சித்த மருத்துவ நூற்செய்திகளும் இடம்பெற்றன.

எழுத்தில் நின்ற அறிவே அவ்வழக்கில் சான்றாயிற்று. கொப்பரையருகே நின்று மணத்தால் பதமறிந்த உழவரின் அறிவோ பெரும்பாலும் பேச்சிலேயே வாழ்கிறது. கொப்பரையின் இடத்தை நீராவிக் கொதிகலன் பெற்றுவருவதால், பதம்பார்க்கும் பழக்கமும் அதனைச் சார்ந்த சொற்களும் வழக்கொழியக் கூடும். 2018இல் சாங்லி மஞ்சளும், 2019இல் ஈரோடு, கந்தமால் மஞ்சள்களும் புவிசார் குறியீடு பெற்றன. அக்குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கும். அவ்வூர் உழவரின் சொற்களைத் தொகுத்துக் காத்தல் மொழித்துறையினரின் கடமையாகும். இப்பணியைத் தமிழோடு மராத்தி, தெலுங்கு, ஒடியா ஆகிய மொழிகளிலும் ஒப்பீட்டு நிலையில் மேற்கொள்ளின், மஞ்சளின் வரலாறு முழுமை பெறும்.